வெங்காயத் தோல் கலர்

அந்த வாசம் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கலாதேவி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் ஒரு புத்தகத்தின் நடுவில் இருந்தேன்.

"ஏங்க, ஒட்டுப்பால் வாசம் வருது. உங்களுக்கு வருதா?"

ரப்பர் மரத்தில் பால் வடிந்து ஓய்ந்த பிறகு, மரத்தின் வெட்டிலும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்திலும் ஒட்டிக் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால். சாக்கில் கட்டி வைத்தால் நாலு நாளில் புளித்து நாறும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றம் உடம்பிலேயே ஊறியது. ஆனால் நாங்கள் இருப்பது ஈப்போ நகரத்தில், புந்தோங் பகுதியில். சுற்றிலும் கடலை வறுக்கிற வீடுகள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ரப்பர் மரம் இல்லை.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். தோசை, கடலை. வேறொன்றும் இல்லை. இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு மட்டும்தான் வருதுன்னா சொல்லிடுங்க. தஞ்சோங் ரம்புத்தானுக்கு இப்பவே துணியக் கட்டிடறேன்."

சிரித்தாள். ஆனால் பதில் வரும்வரை நகரவில்லை. உள்ளே தோசை கருகத் தொடங்கியது. அவளுடைய அத்தை ராக்காயி அந்த ஊர் மனநல மருத்துவமனையில் பதினோரு வருடம் இருந்தவர். அங்கேயே போய்ச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப்பெயர் வேடிக்கைக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை.

"ஆமா, லேசா வருது," என்றேன்.

அவளைத் தேற்ற அந்த ஒரு சொல் போதும் என்று பட்டது. புத்தகத்துக்குத் திரும்பவும் அது போதுமானதாக இருந்தது. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளன். குப்பிகளைக் கழுவி, அமிலங்களை அளந்து வைத்து, பிள்ளைகள் போன பிறகு பூட்டிவிட்டு வருவது என் வேலை. பேச்சு குறைவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருக்கிற பேச்சு முழுவதும் கலாவுடையது. லாஹாட் சாலையில் ஒரு சேலைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். வாடாமல்லி, மாந்துளிர், மயில் கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை, ஆனந்தா நீலம் என்று அவள் பெயர் சொல்லிச் சேலையை விரித்தால், பார்க்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து அன்றைக்கு வந்த ஒவ்வொரு வாடிக்கையாளரையும் எனக்கு நடித்துக் காட்டுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் எங்கள் குடித்தனம்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் சன்னாசி வந்திருந்தபோது வாசம் மறுபடியும் வந்தது. அவர் லாரி ஓட்டுபவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

"அண்ணே, இவருக்கும் வருது. கேட்டுப் பாருங்க."

சன்னாசி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆமாலா மச்சான்! அப்படியே நம்ம தோட்டத்து ரப்பர் ஸ்டோரு வாசம்! அப்பா சட்டைய மோந்த மாதிரி இருக்குலா!"

அவர் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே வந்தது. அதற்குப் பிறகு என் சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லாமல் போயிற்று. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு, பாதி செம்பனை எண்ணெய்த் தோட்டமும் பாதி வீடமைப்புமாகி, தோட்டத்து மாரியம்மன் இப்போது சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். ஆத்தாதான் கூப்பிடுகிறாள் என்று சன்னாசி முடிவு செய்தார். மார்கழியில் போய்ப் பொங்கல் வைத்தோம். கலா கைகூப்பி நின்றபோது அங்கேயும் வாசம் வந்தது. பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். கண் எங்கோ நிலைத்தது, உதடு எதையோ மெல்வது போல அசைந்தது. "அருள் வருது," என்று சன்னாசி கற்பூரத்தைத் தூக்கினார். திரும்பி வந்து ஒன்பது நாள் வாசமே இல்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் வந்தது.

தை மாதம் கல்யாண வியாபாரம். கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை விரித்த கலாவுக்கு அதன் பெயர் வரவில்லை. "அதான்க்கா… சாம்பார்ல போடுவோமே… அந்தக் கலர்," என்றாளாம். வாங்க வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதையும் எனக்கு நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். பேச்சு நிறைய உள்ளவர்களிடம் ஒரு சொல் காணாமல் போனால் யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்தில் இருக்கிற பத்துச் சொல் ஓடிவந்து அந்த இடத்தை மூடிவிடும். வாசத்துக்காக ஒரு கிளினிக்குக்குப் போனாள். மூக்கடைப்பு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த வாசம் வருகிறது என்று அவளே சொல்லியிருந்தாள். பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக் காளியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். லூமுட் துறைமுகம் முழுக்க மஞ்சள் துணி. படகில் உட்கார இடமில்லை. மூன்று பேரும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கலா தன் அண்ணனுக்கு ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா சொல்லுது, கலா, இந்த பார்டர் எனக்கு…" என்றவள் அங்கேயே நின்றாள்.

"வருது," என்றாள் மெதுவாக. "ஏங்க, உங்களுக்கு வருதா?"

சன்னாசி உடனே மூக்கை விரித்தார். எனக்குப் பழக்கப்பட்ட "ஆமா" நாக்கு நுனியில் இருந்தது. காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. உப்பு, டீசல், முன்னால் நின்ற பெண்ணின் தலையில் மல்லிகை. பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற ஒரே பாடம் உண்டு: மூடியைத் திறக்காத குப்பியிலிருந்து வாசம் வராது. நடுக்கடலில் யார் எந்தக் குப்பியைத் திறந்தது?

"இல்ல கலா," என்றேன். "எனக்கு வரல."

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கண் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. உதடு மென்றது. வலது கை சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் ஒரு பெண், "ஆத்தா வந்துட்டா!" என்று கூவி அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். நாலைந்து பேர் கைகூப்பினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அறிவியல் கூடத்துப் பழக்கம். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

நினைவு திரும்பி வந்ததும் அவளுக்குத் தாகம். "அந்த… அது குடுங்க… குடிக்கிறது…" என்றாள். என் பையிலிருந்த போத்தலைச் சுட்டினாள். சொல் வரவில்லை. ஆயிரம் நிறத்துக்குப் பெயர் தெரிந்தவளுக்குத் தண்ணீரின் பெயர் தெரியவில்லை. அது தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் அதைத்தான் பார்த்தேன்.

படகு பங்கோரில் கரையணைந்தது. சன்னாசி தங்கையின் கையைப் பிடித்தார்.

"வா மச்சான், ஆத்தா கடல்லயே வந்து கூப்பிட்டுட்டா. நேரா கோயிலுக்குப் போலாம்."

"போகல மச்சான். இதே படகுல திரும்புறோம்."

"என்ன பேசுற நீ? சாமி குத்தம்லா!"

"சாமியா இருந்தா தண்ணிங்கிற வார்த்தையத் தூக்கிட்டுப் போகாது மச்சான்."

இருபத்து நான்கு வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். படகுக்குத் திரும்பி நடந்தார். லூமுட்டிலிருந்து ஈப்போ வரை காரை லாரி ஓட்டுவது போலவே ஓட்டினார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் நுணுக்கமான ஸ்கேன். படத்தைக் காட்டி விளக்கியவர் டாக்டர் நித்யகல்யாணி. மூளை அறுவைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். அவருடைய அம்மா கலாவின் கடையில்தான் சேலை எடுப்பாராம்.

"இடது பக்கம், காதுக்கு மேல அங்கிள். எலுமிச்சம்பழ சைஸுல ஒரு கட்டி. அந்த வாசம் மூக்கு வழியா வரல. கட்டி உரசுற இடத்துல மூளையே வாசத்த உண்டாக்குது. அதுவும் ஒரு வலிப்புதான். கைகால் வெட்டி இழுத்தாத்தான் வலிப்புன்னு நெனைக்கிறோம்."

"புத்துநோயா?"

"அப்படித்தான் தெரியுது." சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. "எடுக்கக்கூடிய இடம்தான். கஷ்டம் என்னன்னா, பேச்சு இருக்கிற இடத்த ஒட்டி இருக்கு." பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். "வீட்ல வேற யாருக்காவது அந்த வாசம் வந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"மச்சான்!" என்றார் சன்னாசி. "எனக்கு வந்துச்சேலா!"

"நான் வருதுன்னு தலையாட்டினேன். அதனால உங்களுக்கு வந்துச்சு."

"அப்ப உனக்கு?"

நான் வார்டுக் கதவைப் பார்த்தேன். கலா உள்ளே படுக்கையில் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னாசி சுவரில் சாய்ந்து வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதம். ஒரு சொல்லால் நாலு மாதத்தை மூடி வைத்திருந்தேன்.

வலிப்பு மாத்திரை தொடங்கியதும் வாசம் நின்றது. ஆனால் கட்டி இருந்தது. விழித்திருக்க வைத்தே அறுவை செய்வது என்று முடிவானது. மூளைக்கு வலி தெரியாது என்றார் டாக்டர். மண்டையோட்டைத் திறக்கும்போது மட்டும் தூங்க வைப்பார்கள். பிறகு எழுப்பிப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். மருத்துவர் மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பார். எங்கே தொட்டால் சொல் தடைபடுகிறதோ அங்கே கத்தி போகாது. சொல் வருகிற வரையில் வெட்டலாம்.

காட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் தயாராகப் படங்கள் இருந்தன. ஒட்டகச்சிவிங்கி, பட்டம், பொம்மை. கலா நாலு படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் பாலர்பள்ளிப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க டாக்டர். ஒட்டகச்சிவிங்கியோட பேரு போனா எனக்கென்ன, அது என்ன சேலை வாங்க வருமா? நான் வாயால நிக்கிறவ. என்னோட வார்த்தையப் பாத்து வெட்டுங்க."

நித்யகல்யாணி தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னார். அவர் சீனர், அதிகம் பேசாதவர். சேலையின் படங்களா என்று இருமுறை கேட்டுவிட்டு, அதுவே நல்லது என்றாராம்.

நான் கடைக்குப் போய் நாற்பது சேலைகளைப் படம் எடுத்தேன். கடைப்பெண் பெயர் சொல்லச் சொல்ல எழுதி, அட்டைகளாக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் விடையை எழுதினேன். பக்கத்தில் இருபத்து நான்கு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதில் ஆறேழு நிறம்தான் தெரிந்திருந்தது. அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் அட்டைகளைக் கலாவிடம் காட்டிப் பார்த்தார். முப்பத்து நான்குக்குச் சரியாகச் சொன்னாள். திணறிய ஆறையும் எடுத்துவிட்டு மீதியை அடுக்கிக் கட்டிலோர மேசையில் வைத்தார்.

என் பையில் இன்னோர் அட்டை இருந்தது. அது கடைச் சேலை அல்ல, எங்கள் அலமாரியில் இருப்பது. கல்யாணமான வருடத்துத் தீபாவளிக்கு அவள் ரோஸ் கலரில் ஒரு சேலை கேட்டாள். நானே தனியாகப் போய்த் தேடி வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "ரோஸேதான்!" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ரோஸ் சேலை என்று பெயர். விசேஷத்துக்கெல்லாம் கட்டுவாள். உள்ளே, அந்த விளக்குகளுக்கு அடியில், நம் வீட்டுப் பொருள் ஒன்று அவள் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன். பின்னால் 'ரோஸ்' என்று எழுதி, யாரிடமும் சொல்லாமல் அடுக்கின் நடுவில் செருகிவிட்டேன்.

அப்படிச் செய்திருக்கக் கூடாது. அதன் கனம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, "அண்ணே, இவர் பேசமாட்டார். நீங்களாச்சும் பேசிக்கிட்டிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவே அவளுடைய கடைசி வாக்கியமாகிவிடுமோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிர் போய்விடும் என்று நான் பயப்படவில்லை என்றால் பொய். ஆனால் அதைவிட அருகில் இருந்த பயம் வேறு. அவள் வீட்டுக்கு வருவாள், நடப்பாள், சாப்பிடுவாள், பேச மாட்டாள். நான் விரும்பி வளர்த்த மௌனம் அப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஐந்து மணி நேரம். கதவு திறந்து நித்யகல்யாணி வந்தார். முகக்கவசத்தை இறக்கியதும் அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அங்கிள், ஒரு அட்டையில ரோஸ்னு எழுதினது யாரு?"

நான் எழுந்து நின்றேன்.

உள்ளே நடந்ததை அவர் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் சீராகப் போயிருக்கிறது. மின்சாரம் தொடத் தொட கலா "அரக்கு, சந்தனம், மாம்பழ மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு இடங்களில் வாய் அடைத்தது. அங்கே எண் போட்ட சிறு தாள்களை வைத்து, தொடாமல் விட்டார்கள். பிறகு வெட்டத் தொடங்கினார்கள். கட்டியின் உள்விளிம்பு மிச்சம். அப்போதுதான் அந்த அட்டை வந்தது.

"வெங்காயத் தோல்," என்றாள் கலா.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ரோஸ். அட்டை பழக்கமில்லாததாகவும் இருந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"வெங்காயத் தோல்."

"தப்பாகச் சொல்கிறார்," என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, கத்தி நின்றது. தலைமை மருத்துவர் கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில், பேச்சைத் தொட்டுவிட்டோமோ, இத்தோடு மூடிவிடலாமா என்று அவர்கள் யோசித்தார்களாம். மறுபடியும் அட்டையைக் காட்டினார்கள்.

"எத்தன தடவதான் கேப்பீங்க டாக்டர்? வெங்காயத் தோல் கலர்லா!"

"பின்னால ரோஸ்னு எழுதியிருக்குக்கா."

"யாரு எழுதினது? அவரா?" என்று கலா சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறாள், தலை திறந்திருக்க. "அது என் வீட்டுச் சேலை டாக்டர்! நான் ரோஸ் கேட்டேன், அவர் வெங்காயத் தோல வாங்கிட்டு வந்துட்டாரு. ஆசையா நீட்டுன மனுஷன்கிட்ட அன்னைக்கு எப்படிச் சொல்றது? இருபத்து நாலு வருஷமா ரோஸ் ரோஸ்னு சொல்லிக் கட்டிக்கிட்டிருக்கேன். ரோஸுன்னா செம்பருத்தி மாதிரி அடிக்கணும். இது சின்ன வெங்காயத்த உரிச்சா உள்ள ஒரு மங்கல் வருமே, அது. உங்கம்மாவக் கேளுங்க, சொல்லுவாங்க!"

நித்யகல்யாணி நிமிர்ந்து தலைமை மருத்துவரிடம் மலாயில் சொன்னாராம்: "நோயாளி சரி. புருஷன்தான் தப்பு."

அதிகம் பேசாத அந்த மனிதர் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்ததாம். அத்தனை நீளமாக, ஒரு சொல் இடறாமல் ஒருத்தி பேசிவிட்ட பிறகு சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது? துணிந்து உள்விளிம்பு வரை போனார். நூற்றில் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது.

சன்னாசி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவில், "வெங்காயத் தோலா மச்சான்? நானும் ரோஸுன்னுதான்லா நெனச்சேன்," என்றார்.

"அடுத்த தடவ எதையாச்சும் செருகுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க அங்கிள். ரெண்டு நிமிஷம் எங்க உயிர் போயிடுச்சு," என்றார் டாக்டர். நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆனால் மறுநாள் கலா பேசவில்லை.

வீக்கம், என்றார் டாக்டர். எதிர்பார்த்ததுதான், சில நாளில் வடியும், நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் என்றார். கலா கண்ணைத் திறந்து பார்த்தாள். கையைப் பிடித்தால் அழுத்தினாள். வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடினாள். நான் பேசினேன். நாற்பது நிமிடத்தில் எனக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் உள்ள குப்பிகளின் பெயரைச் சொன்னேன். படித்த கதைகளைச் சொன்னேன். தெருவில் யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று சொன்னேன். இத்தனை வருடம் அவள் எப்படி நாள்தோறும் எனக்காக ஒரு உலகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்பது, அதைத் தூக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாம் நாள் மாலையில் சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"கலா, எனக்கு அந்த வாசம் வரவே இல்ல. ஒரு தடவகூட வரல. நீ பயந்துடக் கூடாதுன்னு சொன்னேன். நாலு மாசம் போச்சு."

அவள் கண் அசையாமல் என்னைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை தாதி கொண்டுவந்த கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டினேன். விழுங்கினாள். புருவம் சுருங்கியது.

"உப்பு இல்ல," என்றாள்.

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தார். கலா மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு எடுத்து வைப்பவள் போலப் பேசினாள்.

"வாசம்… எனக்குத் தெரியும்லா. நீங்க… நெசம் சொல்லணும்னா புத்தகத்த மூடிட்டுச் சொல்லுவீங்க. பொய்யின்னா… மூடமாட்டீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களும் இல்லேன்னுட்டா… நான் எங்க போவேன்?"

விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். பிறகு நான் கேட்டேன்: "ரோஸ்?"

அவள் உதட்டோரம் மட்டும் சிரித்தது. "ஆசையா… வாங்கிட்டு வந்தீங்க."

பரிசோதனை முடிவு வந்தது. மூன்றாம் நிலை, ஆனாலும் கதிருக்கும் மருந்துக்கும் கட்டுப்படுகிற ரகம் என்றார்கள். முப்பத்து மூன்று நாள் கதிர் சிகிச்சை. தலை அசையாமலிருக்க முகத்தில் ஒரு வலைமுகமூடியை இறுக்கி மாட்டுவார்கள். "வலையில மாட்டுன கெம்போங் மீனு மாதிரி கெடக்கேன்," என்றாள் முதல் நாள். பத்தாம் நாளில் அங்கே காத்திருப்பவர்கள் எல்லோருடைய கதையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சன்னாசி லாரியில் சரக்கு ஏற்றும் நேரத்தை மாற்றிக்கொண்டு ஒரு நாள் தவறாமல் கூட்டிப்போனார். மாரியம்மனை அவர் விட்டுவிடவில்லை. "ஆத்தாதான்லா மச்சான் ஒன்ன நடுக்கடல்ல வாயத் தொறக்க வச்சா," என்றார். அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

பிறகு மாத மாதம் மாத்திரைகள். குமட்டலில் நாலைந்து நாள் சுருண்டு கிடப்பாள், எழுந்துவிடுவாள். இடது பக்கம் முடி கொட்டிவிட்டது. அடுத்த தீபாவளிக்கு முன்பே, சேலைக்குப் பொருத்தமான துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கடையில் போய் நின்றாள். அரை நாள்தான் என்று சொல்லிவிட்டு முழுநாள். ஒரே ஒரு சொல் திரும்பவில்லை. கத்தரிப்பூ. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மறுநாள் நழுவிவிடும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "போனா போகட்டும்லா," என்று அந்த ஊதாவுக்குச் 'சாம்பார் கலர்' என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது லாஹாட் சாலையில் அடுத்த கடைகளிலும், "சாம்பார் கலர் இருக்கா?" என்று கேட்கிறார்களாம்.

தை மாத ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் நித்யகல்யாணி. சொல்லிவிட்டு, தன் தங்கை கல்யாணத்துக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று கலாவிடம் கேட்டார். நாங்கள் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

இந்த வருட மாசி மகத்துக்கு மறுபடியும் லூமுட்டுக்குப் போனோம். அதே கூட்டம், அதே கம்பி. கலா அந்த வெங்காயத் தோல் சேலையைக் கட்டியிருந்தாள். படகு நடுக்கடலுக்கு வந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, ஒரு வாசம் வருது."

சன்னாசி கம்பியை இறுகப் பற்றினார். என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

"என்ன வாசம்?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

நான் கண்ணை மூடி, அவசரப்படாமல், நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"டீசல்," என்றேன். "கருவாடு. அப்புறம், மச்சான் சட்டையில அடிச்சிருக்கிற சென்ட்டு."

"அதேதான்," என்றாள் கலா. "அண்ணே, குடலப் பொரட்டுதுலா. பாட்டிலோட கவுத்துக்கிட்டீங்களா?"

"ஏய், அது நல்ல சென்ட்டுலா! லங்காவியில வாங்குனது!"

"ஏமாத்திட்டாங்க," என்று தொடங்கினாள் அவள். லங்காவியில் சென்ட்டு வாங்கி ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவரின் கதை வந்தது. அதிலிருந்து அவருடைய மருமகளின் கதை. பங்கோரில் படகு அணைந்து, கயிறு கட்டி, நாங்கள் கரையேறிக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரையில் அது முடியவில்லை.